பதினொரு நிமிடக் கோயில்

ஒரு கோயிலைத் தாபித்த பெருமை எனக்கு உண்டு. இதை இதுவரை எந்த விண்ணப்பத்திலும் நான் குறிப்பிட்டதில்லை. யூட்டா மாநிலத்துப் பாலைவனத்தில், ஒரு செம்பாறைப் பள்ளத்தாக்கின் இடுக்கில், யாரோ பல நூறு ஆண்டுகளுக்கு முன் கட்டிவிட்டுப் போன சின்ன வீடு ஒன்றை ஒரே வாக்கியத்தால் கோயிலாக்கினேன். பூசை, படையல், தீபாராதனை, வீதிவலம் எல்லாம் நடந்தன. பதினொரு நிமிடத்தில் கோயில் மூடப்பட்டது. மூடியவனும் நான்தான்.

நடை வழிகாட்டிகளாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, ஓய்வு பெற்றவன் என்ற முறையில் நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். எவ்வளவு தண்ணீர் காவ வேண்டும், எந்தச் சப்பாத்து வழுக்காது, பாம்பு கடித்தால் என்ன செய்வது என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கின்றன. எழுதியவர் என்னைவிடக் கெட்டிக்காரர். பாம்பு இருக்கும் இடத்துக்கே போகாதவர். நான் சொல்லப்போவது கையேட்டில் இல்லாத ஒன்று.

மிசிசாகாப் பக்கம் விமான நிலையத்தில் மற்றவர்களின் பெட்டிகளை ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தவன் நான். ஒருநாள் பெட்டிகளுக்குப் பின்னால் நானும் போனால் என்ன என்று தோன்றியது. அப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். ரொறன்ரோவில் இருந்து நம்முடைய ஆட்களைப் பாலைவனத்துக்குக் கூட்டிப்போய் நடக்கவைத்துத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது. கடைசியில் என் இரண்டு முழங்கால்களும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டு என்னை வீட்டுக்கு அனுப்பின.

தொடக்க காலத்தில் எனக்கு நடையைவிட நடத்தைதான் தலையிடி. அந்தப் பள்ளத்தாக்குகளில் மலையிடுக்கில் பழைய வீடுகள் இருக்கும். வேலி கிடையாது, காவலாளி கிடையாது. வழி தொடங்கும் இடத்தில் ஒரு பலகை மட்டும், மரியாதையோடு வாருங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லும். நான் அதை அப்படியே "மரியாதையா நடவுங்கோ" என்று எங்கள் ஆட்களுக்குச் சொன்னேன். அவர்கள் எதிரே வந்த வெள்ளைக்காரர் ஒவ்வொருவருக்கும் குட் மோர்னிங் சொன்னார்கள். பிறகு அந்த வீட்டுச் சுவரில் சாய்ந்து படம் எடுத்தார்கள். எதிரொலி கேட்கக் கூவினார்கள். ஒரு குடும்பம் உள்ளே குந்தியிருந்து றோல்ஸ் சாப்பிட்டது. சிந்திய துணுக்குக்கு எலி வரும், எலி வந்தால் சுவரின் அடியைத் தோண்டும், சுவர் விழும் என்று நான் விளக்கியபோது அந்தக் குடும்பத் தலைவர், "எலிக்கும் பசிக்கும்தானே தம்பி" என்றார்.

இரண்டு பயணம் இப்படிப் போனபின், மூன்றாவது பயணத்துக்கு முந்தின வாரம் எனக்கு அந்த வாக்கியம் உதித்தது. பல் தீட்டிக்கொண்டிருக்கும்போது உதித்தது. வாய் கொப்பளிக்காமலே நான் என்னைப் பாராட்டிக்கொண்டேன்.

அந்தக் குழுவில் ஒன்பது பேர். உங்களுக்கு மூன்று பேரைத் தெரிந்தால் போதும். மில்லிக்கனில் இருந்து வந்த பரமேஸ் அன்ரி, எழுபது தாண்டியவர், தினமும் காலையில் மோலுக்குள் நடந்து பழகியதால் எங்கள் எல்லோரையும்விட வேகம். பிறம்ரனில் ட்ரக் ஓட்டும் தேவன் அண்ணை, ஆயிரம் மைல் ஓடுவார், ஆனால் இருக்கையில் இருந்தபடி. மூன்றாவது கார்த்திக், சென்னையில் இருந்து வந்து கணினி வேலை பார்ப்பவர். என்னை சார் என்று கூப்பிட்ட ஒரே ஆள், அதனால் எனக்கு மிகவும் பிடித்தவர்.

வழி தொடங்கும் இடத்தில் வான் வண்டியை நிறுத்திவிட்டு எல்லோரையும் பார்த்துச் சொன்னேன்: "இண்டைக்கு நாங்கள் போற இடத்தைக் கோயில் மாதிரி நினைச்சுக்கொள்ளுங்கோ. கோயிலுக்குள்ள எப்பிடி நடப்பியளோ அப்பிடி."

அன்ரி தலையில் இருந்த தொப்பியைச் சரிசெய்தார். கார்த்திக் காதில் இருந்த பாட்டைக் கழற்றினார்.

"நடை எத்தினை மணிக்குச் சாத்துவினம் தம்பி?" என்று கேட்டார் அன்ரி.

"சாத்திறேல்லை அன்ரி. எப்பவும் திறந்திருக்கும்."

"அப்ப நல்லது. ஆறுதலாக் கும்பிடலாம்."

சிரித்தேன். பகிடி என்று நினைத்தேன்.

முதல் இரண்டு மணி நேரம் என் வாழ்க்கையிலேயே சிறந்த நடை. ஒருவரும் கூவவில்லை. அங்கே கறுப்பாகப் பொருக்கு வெடித்த மண் இருக்கும், பார்க்கக் கரிந்த தோசை போல. அது உயிருள்ளது, ஒருமுறை மிதித்தால் ஆறப் பல வருடமாகும். கல்லிலும் ஓடை மணலிலும் மட்டும் கால் வையுங்கள் என்றேன். வைத்தார்கள். வழியில் பழைய பானைத் துண்டு ஒன்று கிடந்தது, வெள்ளையில் கறுப்புக் கோடு போட்டது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள், ஒருவரும் தொடவில்லை. படத்தை இடத்தின் பெயரோடு வாட்ஸ்அப்பில் போடாதீர்கள், நாளைக்கே கூட்டம் வந்துவிடும் என்றேன். தேவன் அண்ணை உடனே போனைப் பையில் போட்டார். இந்த வாக்கியத்தை எல்லா மொழியிலும் அச்சடிக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டு நடந்தேன்.

வீட்டுக்கு ஒரு வளைவு இருக்கும்போது தேவன் அண்ணை நின்றார். புதுச் சப்பாத்து, குதிக்கால் கொப்பளம். பழைய சப்பாத்தோடு வாருங்கள் என்று மூன்று தடவை எழுதியிருந்தேன். அவர் மூன்று தடவையும் வாசித்துவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறார். நான் அவரைக் கல்லில் இருத்திவிட்டு மற்றவர்களுக்குச் சொன்னேன்: "வளைவுக்கு அங்கால ஒரு தட்டைக் கல் இருக்கு. அதிலை இருங்கோ. நான் உடனை வாறன்." குழுவைக் கண்ணுக்கு மறைய அனுப்பியது என் முதல் பிழை. அது கையேட்டில் இருக்கிறது, ஆறாம் பக்கம்.

குதிக்காலுக்குப் பிளாஸ்ரர் ஒட்டிக்கொண்டிருந்தேன். பாலைவனத்துக்கு ஒரு வாசம் உண்டு, சுட்ட கல்லும் செடியின் எண்ணெயும் கலந்தது. அதற்குள்ளிருந்து இன்னொரு வாசம் வந்தது. தேவன் அண்ணை மூக்கை உயர்த்தினார்.

"இஞ்சை கிட்டடியிலை கோயில் ஏதும் இருக்கோ?"

கற்பூரம். அரை நாள் வண்டி ஓட்டாமல் கற்பூரம் வாங்க முடியாத இடத்தில். நான் ஓடினேன். முழங்கால்கள் அன்றைக்குத்தான் அந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கியிருக்க வேண்டும்.

அந்த வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அப்போதுதான் நான் ஏன் ஓடினேன் என்று புரியும். இரண்டு அறை, கல்லும் மண்ணும், வாசல் என் இடுப்பளவு. பார்வைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் வாசலைச் சுற்றிக் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் அப்பிய மண்ணில், அப்பியவரின் விரல்கள் அப்படியே இருக்கின்றன. நாலு விரல் பதிந்து இழுத்த தடம். ஒரு பெருவிரல் அழுத்தியதில் நகத்தின் பிறை. சின்ன விரல்கள், பெண்ணோ என்னவோ. மழை படாத இடுக்கு என்பதால் நேற்றுப் பூசியது போல இருக்கும். இத்தனை வருடத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் எனக்குப் பிடித்தது அந்த நகம்தான். அது உலர்ந்த சேறு. ஒரு கை ஈரம் போதும், இல்லாமல் போக.

வளைவு திரும்பியபோது முதலில் கண்டது எட்டுச் சோடி சப்பாத்து. தட்டைக் கல்லில், வரிசையாக, பெரியதும் சின்னதுமாக. அதற்கு அப்பால் எட்டுப் பேர் வெறுங்காலோடு. வீட்டின் பின்புறம் மலை என்பதால் சுற்றிவர வழியில்லை. ஆகவே அன்ரியைத் தவிர மற்றவர்கள் நின்ற இடத்திலேயே தங்களைத் தாங்கள் மூன்றுமுறை சுற்றிக்கொண்டிருந்தார்கள். வாசல்படியில் ஒரு வாழைப்பழம். வாசலுக்கு மேலே குறுக்குக் கல்லில் ஈரத் திருநீற்றால் மூன்று குறி, நடுவில் சந்தனப்பொட்டு. அன்ரி சாப்பாட்டுப் பெட்டியின் மூடியில் கற்பூரம் கொளுத்தி வாசலுக்கு நேரே காட்டிக்கொண்டிருந்தார். கற்பூரம் எப்படி விமானம் ஏறியது என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

"அன்ரி, என்ன செய்யிறியள்!"

"சத்தம் போடாதையும் தம்பி. கோயில்."

"இது கோயில் இல்லை அன்ரி!"

"நீர்தானே சொன்னீர்."

"கோயில் மாதிரி எண்டு சொன்னனான்."

"மாதிரி எண்டா? அரைவாசிக் கும்பிடோ?"

கார்த்திக் கடைசிச் சுற்றை முடித்துக்கொண்டு, "சார், கோயில்ல எப்படி நடந்துப்பீங்களோ அப்படின்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றார். குரலில் குற்றச்சாட்டே இல்லை. அதுதான் சுட்டது.

"சரி, சரி. முதல்ல உந்தக் கற்பூரத்தை அணையுங்கோ."

அன்ரி என்னைப் பார்த்த பார்வையில் என் மொத்தச் சைவமும் சந்தேகத்துக்கு உள்ளானது. "கற்பூரத்தை ஊதி அணைக்கப்படாது. தானா அணையவேணும்."

"அன்ரி, புகை பிடிச்சா சுவர் கறுக்கும்."

"கறுக்கட்டும் எண்டு நான் சொல்லேல்லை. ஊதமாட்டன் எண்டுதான் சொல்லுறன்."

அந்த நிமிடத்தில் ஒரு பழைய சுவருக்கும் ஒரு பழைய நம்பிக்கைக்கும் நடுவில் நின்று நான் எடுத்த முடிவைப் பற்றி இன்றைக்கும் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஊத வேண்டாம், ஆனால் வெளியே கொண்டுபோவோம் என்றேன். அன்ரி ஒத்துக்கொண்டார். மூடியை ஏந்தியபடி அவர் முன்னே நடந்தார். சுடர் அணையாமல் நான் இரண்டு கையாலும் காற்றுக்கு மறைப்புக் கட்டிப் பக்கத்தில் நடந்தேன். மற்ற ஏழு பேரும் கை கூப்பிப் பின்னால் வந்தார்கள். நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்த தேவன் அண்ணை இதைக் கண்டார், குனிந்து சப்பாத்தைக் கழற்றினார்.

வெளிப்பாறையில் கற்பூரம் அணைந்தது. நான் கூரையைப் போய்ப் பார்த்தேன். புகை ஏறவில்லை. வாழைப்பழத்தை எடுத்துப் பையில் போட்டேன். மிச்சம் மூன்று குறி. சிவந்த கல்லில் பளிச்சென்று, பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கத்தில் இருந்தே தெரியும்படி.

"ஈரத் துண்டாலை துடைச்சுப்போட்டுப் பேசாமப் போவம்" என்றார் தேவன் அண்ணை. "ஆருக்குத் தெரியப்போகுது?"

நியாயமாகத்தான் பட்டது. யாராவது கண்டால் எங்களுக்கு அடுத்த வருடம் அனுமதிச் சீட்டு இல்லை. அதைவிட, இந்தியத் தமிழரோ இலங்கைத் தமிழரோ, ஒரு கூட்டம் வந்து பூசிவிட்டுப் போனது என்று பேசுவார்கள். துவாயை எடுத்தேன். போத்தலைத் திறந்து நனைத்தேன். துவாயை உயர்த்தும்போது ஒரு துளி தவறி வாசல்படி மண்ணில் விழுந்தது.

விழுந்த இடம் உடனே கறுத்தது. குழிந்தது. மழை பெய்த மண்ணின் வாசம் லேசாக வந்தது. பல நூறு வருடம் மழை காணாத மண், ஒரு துளிக்கு இவ்வளவு அவசரமாக இளகியது. நான் குறுக்குக் கல்லைப் பார்த்தேன். துவாயைப் பிழிந்து துடைத்தால் ஈரம் எந்த வழியாக வடியும் என்று கண்ணால் கீழே வந்தேன். நேரே அந்த நகத்துக்கு வந்து நின்றேன்.

துவாயைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன். "ஒருத்தரும் ஒண்டையும் தொடவேண்டாம். நான் மேலை ஏறிப் போன் பண்ணுறன்."

"ஆருக்கு?"

"ரேஞ்சருக்கு."

ஒன்பது பேரின் முகமும் மாறியது. நம்முடைய ஆட்களில் ஒரு குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ரேஞ்சர் என்றால் சீருடை, சீருடை என்றால் சோதனைச்சாவடி. "விசரே உமக்கு?" என்றார் தேவன் அண்ணை. "எங்கட பேரெல்லாம் எழுதுவினம். பிறகு போடர்ல மறிப்பினம்." அன்ரி மெதுவாகக் கேட்டார்: "தம்பி, என்ர சிற்றிசன்சிப்பைப் பறிப்பினமோ?"

"பறிச்சா என்ரையைத்தான் பறிக்கவேணும் அன்ரி. சொன்னது நான்."

ரேஞ்சர் வர மூன்று மணி நேரம் என்றார்கள். நிழலில் இருந்தோம். றோல்ஸ் இருந்தது, ஒருவரும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தால் அன்ரி கேட்டார்: "அப்ப கோயில் இல்லையெண்டா உது என்ன?"

"வீடு அன்ரி. தானியம் வைக்க ஒரு அறை, இருக்க ஒரு அறை. மழை பொய்ச்சு, சண்டையும் வந்து, விட்டிட்டுப் போட்டினம் எண்டு சொல்லினம். அவையின்ர சந்ததி இன்னும் தெற்கே இருக்கு. வந்து பாத்திட்டும் போவினமாம்."

அன்ரி அந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இடம்பெயர்ந்து திரும்பிப் போனபோது எங்கட வீட்டிலை கதவு நிலையும் இல்லை" என்றார். "அது பரவாயில்லை, ஆரோ விறகுக்கு எடுத்திருப்பினம். ஆனா சாமியறைச் சுவரிலை இடையிலை வந்திருந்த ஆரோ தங்கட சாமிப் படத்தை ஒட்டி, விளக்கு வைச்சு, எண்ணெய் வழிஞ்சு... நல்ல எண்ணத்தோடைதான் வைச்சிருப்பினம். எனக்கு அதிலைதான் கோவம் வந்தது. கதவுக்கு வரேல்லை." பிறகு தன் கைப்பைக்குள் இருந்த திருநீற்றுப் பொட்டலத்தை இன்னும் உள்ளே தள்ளி வைத்தார். "முதல்லயே வீடெண்டு சொல்லியிருக்கலாம் தம்பி."

சொல்ல இருந்ததெல்லாம் காலையிலேயே சொல்லிவிட்டேன்.

ரேஞ்சர் ஒரு இளம்பெண், முகமெல்லாம் வெயில், முதுகில் எங்கள் எல்லோருடையதையும்விடச் சின்னப் பை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். கற்பூரம், வாழைப்பழம், சுற்று, குறி, எதையும் விடவில்லை. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து வாசல் குறுக்குக் கல்லை அணுகினார். நெடுநேரம் பார்த்தார். பிறகு மடக்கிய விரல் மொளியால் அதை ஒரு தட்டுத் தட்டினார். அவர்கள் ஒன்பது பேரும் நானும் மூச்சை இழுத்தோம். கோயில் கல்லைத் தட்டுகிறாளே!

அது கல் இல்லை என்றார். சீமெந்து. பழைய குறுக்குக் கட்டை உளுத்து விழப்போனபோது, சில பத்து வருடங்களுக்கு முன் திருத்த வந்தவர்கள் செம்மணல் கலந்து வார்த்து வைத்தது. பழையது போலவே தெரியவேண்டும் என்று பாடுபட்டிருக்கிறார்கள், பலன் கிடைத்திருக்கிறது.

மென்மையான தூரிகை ஒன்றை எடுத்துக் காய்ந்த திருநீற்றைத் தட்டினார். ஒரு தாளில் ஏந்தினார். பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. மிச்சத்தைக் காற்றுப் பார்த்துக்கொள்ளும் என்றார். கறுப்பு மண்ணில் காலடி இருக்கிறதா என்று சுற்றிவந்தார். ஒன்றுகூட இல்லை. அத்தனை பேரும் வெறுங்காலோடும் கல்லின்மேலேயே நின்றிருக்கிறார்கள். விரல் தடங்களைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். நகத்தின் பிறை அப்படியே இருந்தது. தேவன் அண்ணை சத்தமில்லாமல் ஒரு றோல்ஸை எடுத்துக் கடித்தார், பைக்கு மேலே வாயை வைத்து, ஒரு துணுக்கும் கீழே விழாமல்.

அப்போது ரேஞ்சர் வாசல்படியில் குனிந்தார். "இது என்ன?"

என் துளி. காய்ந்து, ஒரு சட்டைப் பொத்தான் அளவு குழியாக இருந்தது.

அன்றைய அறிக்கையில் அந்த இடத்துக்கு நேர்ந்த சேதம் என்று ஒரே ஒரு வரி எழுதப்பட்டது: ஒரு துளி தண்ணீர், வழிகாட்டியால். எட்டுப் பேரும் அவர்களின் பூசையும் சேர்ந்து செய்யாத சேதத்தை, மறைக்கப் புறப்பட்ட நான் செய்திருந்தேன். துவாய் முழுவதையும் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை. நகத்தைக் காட்டி, இதற்காகத்தான் கூப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன், தமிழில்.

அனுமதிச் சீட்டுப் போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. அன்றைக்குப் போகும்போது ரேஞ்சர், காலையில் இவர்களிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். சொன்னேன். உங்கள் கோயிலில் என்ன செய்வீர்கள் என்றார். சப்பாத்தைக் கழற்றுவோம், சுற்றுவோம், பழம் வைப்போம், பூசுவோம், கொளுத்துவோம் என்று சொல்லிக்கொண்டே வந்து நடுவில் நிறுத்தினேன். அவர் தலையாட்டினார். "அப்படியென்றால் நான் கண்டதிலேயே சொல்வழி கேட்கும் குழு இதுதான்" என்றார்.

புதியவர்களே, இதிலிருந்து நீங்கள் இரண்டு விஷயம் எடுத்துக்கொள்ளலாம். பிழை நடந்தால் முதலில் துவாயைத் தேடாதீர்கள், போனைத் தேடுங்கள். மற்றது, நீங்கள் சொல்லும் சொல்லைக் கேட்பவரின் மூளை மட்டும் கேட்பதில்லை. கையும் காலும் கேட்கின்றன. கோயில் என்றால் எங்கள் கைக்கு நூறு வேலை. அடுத்த பயணத்தில் இருந்து நான் வேறு வாக்கியம் சொன்னேன்: "இது ஒரு வீடு. வீட்டுக்காரர் இப்ப இல்லை. நாங்கள் வாசல்ல நிண்டு பாத்திட்டுப் போறம்." ஓய்வு பெறும்வரை அதையே சொன்னேன். ஒரு கற்பூரமும் எரியவில்லை, ஒரு சுவரிலும் ஒருவரும் சாயவில்லை. அந்த நகம் நான் கடைசியாகப் பார்த்தபோதும் அங்கேதான் இருந்தது.

போன மாதம் மில்லிக்கனில் ஒரு பிளாசா வாசலில் பரமேஸ் அன்ரியைக் கண்டேன். இப்போதும் என்னைவிட வேகமாகத்தான் நடக்கிறார். அவர் அன்றைக்குச் சொன்னதில் இருந்துதான் என் புது வாக்கியம் பிறந்தது என்று சொல்லி, அதை அவருக்கு ஒருமுறை முழுதாகச் சொல்லியும் காட்டினேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

அன்ரி யோசித்தார்.

"உதுவும் சரிவராது தம்பி. எங்கட சனம் ஆள் இல்லாத வீட்டுக்குப் போனா முதல்ல ஃபிரிட்ஜைத்தானே திறந்து பாக்கும்."